புள்ளிக்கு எவ்வளவு

பஹாவ் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே
டயர் கடை மாடியில் என் மேசை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் முக்கும்போதெல்லாம்
திரையில் போட்ட கோடு நடுங்குவதுபோல் இருக்கும்.
வாடகை முந்நூற்றைம்பது வெள்ளி.
'பார்த்துப் போடுங்க' என்று
தவுக்கேயிடம் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நாகரெத்தினம் வந்தது ஒரு சம்பள வாரம்.
ஒட்டுப்பால் வாங்கும் மனிதர்.
அவர் படியேறுமுன்பே வாசம் ஏறிவிட்டது.
'செல்வம் கித்தா வியாபாரம்' என்று பலகை,
லோரிக் கதவுக்கு ஒரு சின்னம்,
பில் புத்தகம்.
எல்லாம் சேர்த்து அறுநூற்று எண்பது என்றேன்.

"எழுத்துதானேம்மா, தங்கமா?
அரை மணி நேர வேலை.
நம்மாளுங்களுக்கு நாமே செய்யாட்டி
வேற யாரு செய்வா?
இதைப் பார்த்து நாலு பேர் வருவாங்க."

அந்த நாலு பேரை எனக்கு நன்றாகத் தெரியும்.
தீமிதிப் பதாகைக்குச் சொன்னார்கள்,
சடங்கு அழைப்பிதழுக்குச் சொன்னார்கள்,
காற்பந்துக் குழுவின் சட்டைக்கும் சொன்னார்கள்.
வந்தார்கள்தான்.
நாலு பேரும்
இலவசமாகக் கேட்டு.

அவர் தராசையும் பார்த்திருக்கிறேன்.
சடக்கு முனைத் தகரக் கொட்டகையில்
சின்னம்மா மூட்டையோடு நின்ற காலையில்
முள் ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது.
ஒரு கட்டியை எடுத்து விரலால் அழுத்தினார்.
"ஈரம்" என்றார்.
பதினைந்து போனது.
சாக்குக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று.
சின்னம்மா தலையாட்டினாள்,
அன்றைக்கு அரிசி வாங்கியாக வேண்டும்.

என் வேலையில் ஈரம் எங்கே அண்ணே,
அழுத்திப் பாருங்கள்.

இதைச் சொல்லவில்லை.
நாக்கு நுனிவரை வந்ததைக்
கோப்பியோடு விழுங்கிவிட்டேன்.
சொன்னது இவ்வளவுதான்:
விலையைக் குறைக்க மாட்டேன்,
வேலையைக் குறைக்கிறேன்.
முந்நூறுக்குப் பலகை மட்டும்.
திருத்தம் ஒருமுறை.
முன்பணம் பாதி.

முன்பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்தார்.
அக்காள் மகன் யுகேந்திரன்
கைப்பேசியிலேயே செய்துவிடுவானாம்.

அந்த மாதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.
வரிசையாக மூன்று இரவு மெகி மீ.
ஒரு நடுநிசியில்
'சரிண்ணே, நானூறுக்கே செய்து தர்றேன்'
என்று தட்டி வைத்துவிட்டு
அனுப்பும் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே தெருநாய் ஒன்று
டயரோடு சண்டை போட்டது.
அழித்தேன்.

பலகை ஏறியது.
பத்தடி. சிவப்பில் மஞ்சள்.
செலவம் கித்தா வியாபாரம்.

ல் தலையில் புள்ளி இல்லை.

டயர் கடைத் தவுக்கேக்குத் தெரியாது.
உரிமம் பார்க்க வந்த அதிகாரிக்கும் தெரியாது.
தமிழ்ப்பள்ளி பஸ் அந்த முனையில் திரும்பும்போது மட்டும்
சன்னல் சன்னலாகக் கத்தல்:
செலவம்! செலவம்!
ஆமாம்,
நம்மாளுங்களுக்கு மட்டுமே தெரிகிற பிழை.

ஐந்தாவது வாரம், மழை நாள்,
முதலில் வாசம் வந்தது.
பிறகு அவர்.
"ஒரேயொரு புள்ளிதாம்மா.
புள்ளிக்கு எவ்வளவு?"

யுகேந்திரனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.
"சின்னப் பையன்தானே,
கோழிச்சோறு வாங்கிக் கொடுத்தேன்."

அவனுக்கும் காசு கொடுங்கள் என்றேன்.
புள்ளியைத் தனியாக விற்பதில்லை.
பலகை முந்நூறு,
முன்பணம் பாதி.

கீழே யாரோ டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம்.
அவர் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பள்ளி பஸ் வரும் நேரம் ஆகியிருந்தது.
சட்டைப் பைக்குள் கை போனது.

மூன்று ஐம்பது வெள்ளித் தாள்கள்,
மழையில் ஊறி
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
பிரித்து மேசையில் காயப் போட்டேன்.
ரசீது எழுதினேன்:
நூற்றைம்பது பெற்றுக்கொண்டேன்.

ஈரத்துக்கு
எதையும் கழிக்கவில்லை.